சபேதா வெள்ளை

ஆம்பூர்
21-4-1942

மச்சானுக்கு அஸ்மத் ஸலாம் சொல்லி எழுதுவது.

உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். சென்ட்ரலில் நீங்கள் என்னை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினீர்களே, அதற்குப் பிறகு ஆம்பூர் வரை என் கால் தரையைத் தொடவில்லை. எதிரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் பெண்சாதி, அவள் மடியில் தையல் மிஷின், மிஷின் மேல் ஒரு சேவல். ஜப்பான்காரன் குண்டு போட்டாலும் போடாவிட்டாலும் அந்தச் சேவல் பிழைத்துக்கொள்ளும்.

ஜஹீதாவுக்கு ஆறாம் மாதம். முகம் வெளுத்துக் கிடக்கிறது. வாசலிலேயே நின்று, "அத்தா எங்கேம்மா?" என்றாள். "உங்க அத்தா அடையாத்துல பூவைக் கட்டிக்கினு குடித்தனம் பண்றாரு. நமக்கெல்லாம் அங்க எடமில்ல" என்றேன். மருமகன் சிரித்தார். பெண் சிரிக்கவில்லை.

மெட்ராஸே காலி ஆகும்போது உன் வீட்டுக்காரர் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? இஞ்சினீயர் அனந்தராமன் குடும்பத்தோடு கும்பகோணம் போகிறபோது அடையாற்றுப் புது வீட்டுச் சாவியை இவர் கையில் கொடுத்து, வீட்டையும் பார்த்துக்கொள், கூடத்துச் சுவருக்கு எட்டுப் பூப்படமும் போட்டு வை என்றார், இவரும் கல்யாணப் பெண் மாதிரித் தலையை ஆட்டினார் என்று சொன்னால் நம்புவார்களா? இருபது வருஷமாகத் தீப்பெட்டிக்கு மயிலும் அத்தர் புட்டிக்கு ரோஜாவும் போட்டு எனக்குச் சோறு போட்ட மனுஷர், குண்டு விழப்போகிற நேரம் பார்த்துப் பெரிய ஓவியர் ஆகப் போகிறார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். உங்கள் படம் எனக்குப் புரிகிறதில்லை. உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ரங்கூன் சீனக் கிழவர் பாதி, எழும்பூர் ஆர்ட் ஸ்கூல் துரை பாதி. இரண்டு பேரும் கூடிப் போட்ட பூவுக்கு வாசனையும் இல்லை, வண்டும் வராது. என் கண்ணுக்கு எல்லாம் கரிப்பூதான். அடுப்பு மூட்டலாம்.

சைரன் ஊதினால் அந்த மை அரைக்கிற கல்லைக் கட்டிக்கொண்டு நிற்காமல் பள்ளத்தில் இறங்குங்கள்.

கரிப்பூக்காரர் பெண்சாதி
அஸ்மத்


அடையாறு
9-5-1942

அன்புள்ள அஸ்மத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை என்பதே ஓர் ஆறுதல்.

நேற்று மயிலாப்பூர் போய் நம் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். கச்சேரி ரோட்டில் கடைகளுக்கெல்லாம் பலகை போட்டிருக்கிறது. மாட வீதியில் பட்டப்பகலில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. குளத்துப் படியில் ஒரு ஆள் இல்லை. மிருகக்காட்சி சாலையில் புலி சிங்கங்களைச் சுட்டுவிட்டார்களாம். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடும் என்று பயம். இங்கே தோட்டக்காரர் சேட்டு ஒருவர்தான் துணை. "சாய்பு, ஊர்ல நீ கீறே, நான் கீறேன், நாய் கீது. அதுல நாய்க்குத்தான் பயம்" என்கிறார்.

சொன்னால் கோபிப்பாய். எனக்கும் பயமாக இல்லை. நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக என்னிடம் யாரும் வந்து, மயில் எங்கே, சாயந்தரம் அச்சுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. தோட்டம் முழுக்க வெள்ளைப் பூக்கள். நந்தியாவட்டை, மரமல்லி, புன்னை, வெள்ளை அலரி. அனந்தராமன் வீட்டு அம்மாள் கோமளத்துக்கு வெள்ளைதான் பிடிக்குமாம்.

நீ கேட்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. ரங்கூனில் கிழவர் எனக்குச் சொல்லித் தந்தது, பூவின் வெள்ளையைப் போடக் கூடாது, விட வேண்டும் என்பது. சுற்றிலும் மையை ஓட்டிவிட்டால் காகிதமே பூவாகிவிடும். எழும்பூர்த் துரை சொன்னது நேர் எதிர். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது, அது விழுகிற இடத்தில் வெள்ளையைக் கனமாக வை என்பார். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் என் தோளில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். போன வாரம் ஓய்ந்தார்கள். கிளையையும் இலையையும் மையில் ஒரே இழுப்பில் போட்டேன். பின்னால் அந்தி நேரத்துச் சாம்பல் நிறத்தை ஈரத்தோடு பரவ விட்டேன். காய்ந்த பிறகு, வெளிச்சம் படுகிற இதழ் ஓரத்தில் மட்டும் வெள்ளையை ஏற்றினேன். அஸ்மத், அந்த நந்தியாவட்டை காகிதத்தை விட்டு எழுந்து நிற்கிறது. நான் போட்டதுதானா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

சீமை வெள்ளைக் குழாய்கள் தீர்ந்துவிட்டன. மவுண்ட் ரோட்டில் கடை திறக்கவில்லை. நல்ல வேளையாகக் கதவுக்குச் சாயம் அடித்த ஆட்கள் பாதியில் ஓடும்போது ஒரு பெரிய டப்பா நிறையச் சபேதாவை விட்டுப் போயிருக்கிறார்கள். கதவு ஜன்னலுக்கு எண்ணெயில் குழைத்து அடிப்பார்களே, அந்த வெள்ளைத் தூள். அதைப் பிசின் தண்ணீரில் அரைத்துக்கொண்டேன். குழாய் வெள்ளையை விட நன்றாகப் பிடிக்கிறது.

ஜஹீதாவைப் பழம் சாப்பிடச் சொல். பிரசவத்துக்கு வந்துவிடுவேன்.

ஷரஃபுதீன்


ஆம்பூர்
28-5-1942

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை ஜஹீதாவுக்குச் சத்தமாகப் படித்தேன். பூ எழுந்து நிற்கிறது என்ற இடம் வந்ததும், "அத்தா எப்ப எழுந்து ரயில் ஏறுவாரு, அதைக் கேளுங்க" என்றாள். என் பெண்தான், சந்தேகமில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. சபேதாவுக்கு ஒரு பத்தி. இங்கே தோல் மண்டிக் காற்றில் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஆட்டுத் தோல் ஊறுகிற நாற்றம் தலையணை வரைக்கும் வருகிறது. நீங்கள் அங்கே புன்னைப் பூ வாசத்தில் உட்கார்ந்து வெள்ளை அரைக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். இன்னும் தூரிகையை வாயில் வைத்துத்தான் கூராக்குகிறீர்களா? கல்யாணமான புதிதில் உங்கள் உதட்டில் மையைப் பார்த்துவிட்டு என் அம்மா, மாப்பிள்ளைக்கு ஏதோ சீக்கு இருக்கிறது, மறைத்துவிட்டார்கள் என்று அழுதது நினைவிருக்கிறதா? மையின் ருசி தெரியாதவனுக்கு மை தெரியாது என்று கிழவர் சொன்னார் என்றீர்கள். அப்போது கறுப்பு உதடு. இப்போது வெள்ளை உதடாக இருக்கும். பால் திருடின பூனை மாதிரி ஆம்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்காதீர்கள். சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள்.

ஜூலை பாதியில் என்கிறாள் மருத்துவச்சி. முதல் பிரசவம். நான் தைரியமாக இருக்கிற மாதிரி இருக்கிறேன். நீங்கள் வந்தால் கொஞ்சம் நிஜமாகவே இருப்பேன்.

அஸ்மத்


அடையாறு
17-7-1942

அன்புள்ள அஸ்மத்துக்கு,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேட்டுவிடம் சொன்னேன். "தாத்தா ஆயிட்டே நைனா, இனிமே வாயில பிரஸ்ஸை வைக்காதே, பேத்தியும் வைக்கும்" என்றார். நீயும் அவரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

நான் வராததற்குக் காரணம் எழுதினால் நீ ஒப்புக்கொள்ள மாட்டாய். வயிறு சரியில்லை. மூன்று வாரமாகத் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழிகிறது. ஓமத் தண்ணீரும் கஷாயமும் கேட்கவில்லை. ஹோட்டல் சாம்பாராக இருக்கும். ரயிலில் உட்கார முடியாது என்று நின்றுவிட்டேன். இன்று கொஞ்சம் தேவலை.

நாலு படம் முடிந்துவிட்டது. ஐந்தாவது மரமல்லி. குழல் போல நீண்டு தலைகீழாகத் தொங்குகிற பூ. அதன் முனைக்கு வெள்ளை போட, தூரிகை ஒற்றை மயிராக நிற்க வேண்டும். அதற்கு உதட்டை விட்டால் வேறு கருவி இல்லை. நீ கேட்டாயே, ஆமாம், வைக்கிறேன். மை கசக்கும். சபேதா இலேசாகத் தித்திக்கிறது. இப்போதெல்லாம் எதைச் சாப்பிட்டாலும் அந்தத் தித்திப்புத்தான் வாயில் நிற்கிறது.

என்னைச் சுயநலக்காரன் என்று நினைக்காதே. நினைத்தாலும் சரிதான். எட்டையும் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன். இதை விட்டுவிட்டால் மறுபடி தீப்பெட்டி மயில்தான். எனக்குத் தெரியும்.

ஷரஃபுதீன்


ஆம்பூர்
2-8-1942

மச்சானுக்கு,

பிள்ளைக்கு வஜீஹா என்று பெயர் வைத்தாகிவிட்டது. தலைமுடி இறக்கி, ஆடு அறுத்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டோம். சம்பந்தி அம்மாள் பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "பொண்ணோட அத்தா மிலிட்டரில கீறாரா?" என்று கேட்டாள். "ஆமாங்க, பூப்படையில கீறாரு" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சமையல் கட்டில் போய் வெங்காயம் உரித்தேன், உரிக்க வேண்டிய வெங்காயம் ஒன்றும் இல்லை.

ஊர் முழுக்க மெட்ராஸுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஜப்பான்காரன் வரவில்லை. என்னால்தான் பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு வர முடியவில்லை. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வயிற்று வலியாம். எனக்கு இருபத்து நாலு வருஷமாக உங்களால் தலைவலி. நான் எந்த விசேஷத்துக்குப் போகாமல் இருந்தேன்?

அந்தப் பூக்களில் ஏதாவது ஒன்று உங்களுக்குக் கஞ்சி வைத்துத் தருமா, கேட்டுப் பாருங்கள்.

இனி நீங்கள் எழுதுகிற வரைக்கும் நான் எழுத மாட்டேன்.

அஸ்மத்


அடையாறு
30-9-1942

அஸ்மத்,

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். விட்டு விட்டு எழுதுகிறேன்.

நீ எழுதாததும் நியாயம். நான் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிவிட்டது. வலி இல்லை. முழங்கையைத் தூக்கினால் தூக்குகிறேன். உள்ளங்கை மட்டும் வாடின பூ மாதிரிக் கீழே மடிந்து விழுகிறது. விரலை நிமிர்த்த முடியவில்லை. மடக்க முடிகிறது. முதலில் பொத்தான் போட முடியவில்லை. படுத்த வாகு என்று விட்டுவிட்டேன். பிறகு தூரிகை விழுந்தது.

சேட்டு என்னை ரிக்ஷாவில் ஏற்றி மயிலாப்பூருக்கு டாக்டர் ஸ்ரீரங்கனிடம் கூட்டிப் போனார். டாக்டர் கையைப் பார்க்கவில்லை. உதட்டைப் பிரித்து ஈறைப் பார்த்தார். பல்லுக்கு மேலே நீலக் கோடு ஓடுகிறதாம். "என்ன வேலை பண்றீர்?" என்றார். சொன்னேன். "ஈயத்தை யார் உமக்கு ஊட்டிண்டிருக்கா?" என்றார். எனக்குப் புரியவில்லை. சபேதா என்றால் ஈயம்தானாம். சுத்த விஷம். சாயம் அடிக்கிற மேஸ்திரிகளுக்கு வரும் நோயாம். அவர்கள்கூட யாரும் அதை நக்க மாட்டார்கள் என்றார்.

கிழவர் வாயில் வைத்தது மை. அது வெறும் புகைக்கரி. துரை வெள்ளையைத் தொட்டார். ஆனால் தூரிகையைத் துணியில்தான் துடைப்பார். இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டவன் நான்.

உடனே நிறுத்தினால் கை திரும்பினாலும் திரும்பலாம் என்கிறார். ஏழு முடிந்துவிட்டது. எட்டாவது, வெள்ளை அலரி, பாதியில் இருக்கிறது.

ஷரஃபுதீன்


ஆம்பூர்
4-10-1942

மச்சான்,

கடிதம் இன்று காலை வந்தது. கோழி கிளறின மாதிரி எழுத்தைப் பார்த்து, யாரோ பிள்ளையிடம் எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டேதான் பிரித்தேன்.

அந்த எட்டாவதைத் தொடாதீர்கள். டப்பாவைத் தொடாதீர்கள். சாப்பிடுகிறபோது யாரையாவது ஊட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். நான் நாளை ரயிலுக்கு வருகிறேன். ஜஹீதா பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள்.

தொடாதீர்கள்.

அஸ்மத்


ஆம்பூர்
11-2-1943

அன்புள்ள அஸ்மத்துக்கு,

அக்டோபரில் என்னை இங்கே கூட்டிவந்து கூடவே இருந்த நீ, வீட்டைப் பார்க்க மெட்ராஸ் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. வீடு முழுக்க ஆள் இருக்கிறது, ஆனாலும் என்னைக் கேலி பண்ண ஆளில்லை. மருமகன் மரியாதையாக இருக்கிறார். அது இன்னும் கஷ்டம்.

மயிலாப்பூர் வீட்டில் கறையான் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? பரணில் என் ரங்கூன் காகிதக் கட்டு இருந்தது. அரித்திருந்தால் பரவாயில்லை. இனி யாருக்கு அது.

கை அப்படியே இருக்கிறது. ஜஹீதா எண்ணெய் தடவி, கட்டையில் வைத்துக் கட்டுகிறாள். அவிழ்த்தால் விழுகிறது. இப்போது இடது கையும் சாயங்காலத்தில் கனக்கிறது. வேலூர் டாக்டர் காலம் ஆகும் என்கிறார். ஸ்ரீரங்கன் மாதிரி உண்மையைச் சொல்லும் முகம் அவருக்கு இல்லை. வஜீஹா என் தொங்குகிற கையைப் பிடித்து ஆட்டி விளையாடுகிறாள். அவளுக்கு அது பொம்மை.

அன்று அடையாற்றில் நீ வந்து என் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்த துணிக் கட்டைப் பற்றி நீ இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டி, முழங்கையால் அந்த அலரியை முடித்துவிட்டேன். நீ தொடாதீர்கள் என்று மூன்று முறை எழுதினாய். அப்போது தொட ஒன்றும் மீதியில்லை. நீ திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வேலை சொல்கிறேன், செய்வாயா? அனந்தராமன் குடும்பம் டிசம்பரில் அடையாறு திரும்பிவிட்டதாமே. எட்டையும் சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டதாகச் சேட்டு சொல்லியனுப்பினார். யுத்தக் காலத்தில் கண்ணாடி கிடைக்காததால் கண்ணாடி இல்லாமல் மாட்டியிருக்கிறார்கள். நீ ஒரு தடவை போய் எட்டும் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுது. நான் ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருக்கிறேன். எட்டையும் ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

ஷரஃபுதீன்


மயிலாப்பூர்
3-3-1943

மச்சானுக்கு,

கறையான் உங்கள் காகிதத்தைத் தொடவில்லை. என் கல்யாணப் பெட்டியைத் தின்றுவிட்டது. கறையானுக்கும் படம் பிடிக்கும் போலிருக்கிறது.

நீங்கள் சொன்ன வேலை ஆயிற்று. ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு அடையாறு போனேன். இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே மாதிரி எழுத்துத்தான், அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் இத்தனை வருஷமாகக் கரிப்பூ, கரிப்பூ என்று சொன்னது பலித்துவிட்டது. எட்டும் கறுத்துவிட்டன. நந்தியாவட்டை கறுப்பு. மரமல்லி புகைபிடித்த கண்ணாடி மாதிரி. அலரியை அடுப்பில் போட்டு எடுத்த மாதிரி இருக்கிறது. அரிசிக்கும் கரிக்கும் வரிசையில் நிற்கிற காலத்தில் இஞ்சினீயர் வீட்டில் மட்டும் கூடம் நிறையக் கரி. கோமளம் அம்மாள் முகமும் அதே நிறத்துக்கு வந்துவிட்டது. "இந்தக் கழிமுகத்து நாத்தத்துல வெள்ளிக் குத்துவிளக்கே ஒரு வாரத்துல கறுத்துப் போறது, பூவும் கறுக்கணுமா? சுபகாரியம் நடக்கற ஆத்துல இதை மாட்டிண்டு எப்படிம்மா உக்காரறது?" என்று என்னையே கேட்டார். நான்தான் ராத்திரி வந்து மை பூசிவிட்டுப் போன மாதிரி. முகத்துவாரம் மணல் மூடி, ஆறு தேங்கி, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறது. தோல் மண்டியே தேவலை.

கையைக் கட்டையிலிருந்து அவிழ்க்காதீர்கள்.

அஸ்மத்


ஆம்பூர்
9-3-1943

என் அஸ்மத்துக்கு,

எத்தனை நாளைக்குப் பிறகு இப்படிச் சிரித்தேன்! படித்துவிட்டு ஜஹீதாவைக் கூப்பிட்டு மறுபடி படிக்கச் சொன்னேன். வெள்ளை அலரியை அடுப்பில் போட்டு எடுத்த மாதிரி என்று உன்னைத் தவிர யார் எழுதுவார்கள்? அக்டோபரிலிருந்து நீ என்னைக் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டாய். நான் சாகப் போகிறேன் என்று டாக்டர் உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். பழைய அஸ்மத் திரும்பிவிட்டாள். அப்படியானால் எனக்கும் ஒன்றுமில்லை.

கோமளம் அம்மாள் அப்படிப் பேசுவார் என்று நான் நம்பவேண்டுமா? அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதை நீ நேராக எழுதினால் உன் வாய் சுளுக்கிக்கொள்ளும்.

நேற்று கட்டு மாற்றும்போது நடுவிரல் அசைந்தது போல் இருந்தது. ஜஹீதா இல்லை என்கிறாள். இருக்கட்டும். ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். கை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எட்டும் அந்தச் சுவரில் நிற்கின்றன. வாழ்நாள் முழுக்க நான் போட்டதெல்லாம் தீப்பெட்டியோடு எரிந்து போயிற்று. இந்த எட்டு போகாது. ஒரு கைக்கு எட்டு என்றால் அது நஷ்டம் இல்லை. இதை உனக்குத்தான் சொல்ல முடியும்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மருமகனோடு கிளம்புகிறேன். சனிக்கிழமை காலையில் சென்ட்ரல். நேரே அடையாறு போய், எட்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, பிறகு வீடு. அனந்தராமனிடம் முன்கூட்டிச் சொல்லிவை.

ஷரஃபுதீன்


மயிலாப்பூர்
11-3-1943

மச்சான்,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை. இரண்டு முறை படியுங்கள். ஜஹீதாவைப் படிக்கச் சொல்லாதீர்கள், நீங்களே படியுங்கள்.

பூக்கள் கறுத்துவிட்டது உண்மை. எட்டும். முதலில் ஓரம் பழுப்பாகி, பிறகு உள்ளே வரை போயிருக்கிறது. நீங்கள் வெள்ளையைக் கனமாக வைத்த இடம் எதுவோ அது அதிகமாகக் கறுத்திருக்கிறது. மையில் போட்ட கிளையும் இலையும் அப்படியே இருக்கின்றன. கிளைக்கும் பூவுக்கும் இப்போது வித்தியாசம் தெரியவில்லை.

பூஞ்சை பிடித்திருக்கிறது என்று நினைத்து, கோமளம் அம்மாள் ஒரு படத்தைச் சேட்டுவிடம் கொடுத்து ஈரத் துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறார். புன்னை. பூ இருந்த இடத்தில் காகிதம் கிழிந்து, பின்னால் ஒட்டியிருந்த துணி தெரிகிறது. சேட்டு அழுதார். "நான் இன்னா கண்டேன்மா" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்த வீட்டுக் கதவுகள் வெள்ளையாகவே இருக்கின்றன. நீங்கள் எடுத்த அதே டப்பாச் சபேதா, எண்ணெயில் குழைத்து அடித்தது. கை வைத்துப் பார்த்தேன், பால் மாதிரி இருக்கிறது. வெள்ளி விளக்கைக் கறுக்க வைக்கிற அந்த ஆற்று நாற்றம் எண்ணெயில் ஏறவில்லை, கண்ணாடி இல்லாத உங்கள் பிசின் வெள்ளையில் ஏறிவிட்டது போலிருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நான் வேறு மாதிரி எழுதத் தெரிந்தவளாக இருந்திருந்தால் போன கடிதத்திலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் எதைச் சொன்னாலும் நீங்கள் சிரித்துப் பழகிவிட்டீர்கள், நானும் சிரிக்க வைத்துப் பழகிவிட்டேன். நடுவிரல் அசைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கைக்கு எட்டு என்று நீங்கள் போட்ட கணக்கில் எட்டு இல்லை, மச்சான். அதை நீங்கள் அந்தக் கூடத்தில், அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் அவற்றைக் கழற்றிக் கார் கொட்டகையில் வைத்திருந்தார்கள். இன்று கை வண்டி வைத்து எட்டையும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முன் அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். துணி போட்டு மூடியிருக்கிறேன்.

அடையாறு போக வேண்டாம். நேரே வீட்டுக்கு வாருங்கள். ஸ்டேஷனுக்கு நான் வருவேன். வழியில் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். பார்க்க வேண்டும் என்றால் திருப்பி வைக்கிறேன், வேண்டாம் என்றால் பரணில் ஏற்றிவிடுகிறேன். எதுவானாலும் உள்ளே காலை வைக்கிறதற்கு முன்னால், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

அஸ்மத்துன்னிசா